மார்ச்சில் பார்த்ததை வைத்து ஜூனில் தீர்ப்பு சொல்லாதீர்கள்: கூடைப்பந்து ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கூடைப்பந்தை இங்கிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே இரவு எட்டரைக்குத் தொடங்கும் என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை லீக்) இறுதி ஆட்டம் ஜூன் மாதத்தில் நமக்குக் காலை ஆறு மணி. காபியோடு பார்த்து முடித்து, ஆபீஸ் கிளம்புவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிடலாம். "அவன் காலி." "அந்த டீம் வேஸ்ட்." "காலேஜ்ல என்னமா ஆடினான், இங்க வந்து ஒண்ணுமில்ல."

கருத்து சொல்வதில் தப்பில்லை. வாய் இல்லாத ரசிகன் எதற்கு? ஆனால் இந்தத் தீர்ப்புகளில் பாதி ஒரே இடத்தில் சறுக்குகின்றன. என்.பி.ஏ.வும் கல்லூரிக் கூடைப்பந்தும் ஒரே ஆட்டம் என்று நினைத்துவிடுகிறோம். பத்தடி உயர வளையம் இரண்டுக்கும் பொது. அதைத் தாண்டி நேரம், கோடு, விதி, போட்டி நடத்தும் முறை எல்லாமே வேறு. ஒன்றுக்கான அளவுகோலை எடுத்து மற்றதை அளந்தால் கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கும்?

ஒரே ஒரு ராத்திரியை நம்புவது

மார்ச்சில் நடக்கும் கல்லூரி ஆண்கள் தேசியப் போட்டியில் அறுபதுக்கும் மேற்பட்ட அணிகள். தோற்றால் வீடு. மறுவாய்ப்பு கிடையாது. மார்ச் மாதம் அவ்வளவு பரபரப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மார்ச் மாத முடிவுகளை அளவுக்கு மீறி நம்பக்கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

2018 மார்ச் 16-ஐ எடுத்துக்கொள்வோம். விர்ஜீனியா 31 வெற்றி, 2 தோல்வி என்று வந்திருந்தது. மொத்தப் போட்டியிலும் முதல் தரவரிசை அந்த அணிக்குத்தான். எதிரில் தன் பிரிவில் கடைசி, 16-ஆம் இடத்தில் வைக்கப்பட்ட யு.எம்.பி.சி., அதாவது பால்டிமோர் பக்கத்துப் பல்கலைக்கழகம். அதற்கு முன்பு ஆண்கள் போட்டியில் 16-ஆம் இடத்து அணி முதலிடத்து அணியை வென்றதே கிடையாது. 135 முறை மோதி 135 முறையும் தோல்வி. இடைவேளையில் 21-21. முடியும்போது 74-54. இருபது புள்ளி வித்தியாசத்தில் சரித்திரம் புரண்டது. விர்ஜீனியா 22 மூன்று புள்ளி வீச்சுகளில் 4 மட்டும் போட்டது. எதிரணி 24-இல் 12.

மறுநாளே ஊரெல்லாம் ஒரே பேச்சு. விர்ஜீனியா பயிற்சியாளர் டோனி பென்னட்டின் மந்தமான ஆட்டமுறை மார்ச்சுக்கு உதவாது, அந்தப் பயிற்சியாளரால் கோப்பை வாங்கவே முடியாது என்று. அடுத்த ஆண்டு அதே பயிற்சியாளர், அதே மந்தமான முறை, பெரும்பாலும் அதே பையன்கள். 2019-இல் கோப்பை விர்ஜீனியாவுக்கு. இறுதியில் டெக்சஸ் டெக்கை கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்றார்கள்.

சரி, அப்படியென்றால் பென்னட்டை நம்பியவர்கள் சொன்னதுதான் முழு உண்மையா? அதுவும் இல்லை. அந்தக் கோப்பைக்குப் போன வழியைப் பாருங்கள். பர்டூவுக்கு எதிராகக் கடைசி நொடியில் மாமடி டியாகிட்டே போட்ட பந்தில்தான் கூடுதல் நேரமே கிடைத்தது. ஆபர்னுக்கு எதிராக 0.6 நொடி மிச்சமிருக்கும்போது ஃபவுல் கிடைத்து, கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டார். இதில் ஒன்று வளையத்தில் பட்டு வெளியே விழுந்திருந்தாலும் "நாங்கதான் அப்பவே சொன்னோமே" கோஷ்டி ஜெயித்திருக்கும். அணியின் தரம் இரண்டு வருடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. மெதுவாக ஆடும் அணிக்கு ஒரு ஆட்டத்தில் கிடைக்கும் பொசெஷன்கள், அதாவது பந்தோடு தாக்கும் வாய்ப்புகள், குறைவு. வாய்ப்புகள் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். பலமான அணி நிறைய வாய்ப்புகளை விரும்ப வேண்டும், பலவீனமான அணி ஆட்டத்தைச் சுருக்கப் பார்க்க வேண்டும். விர்ஜீனியா பலமான அணியாக இருந்துகொண்டு பலவீனமான அணியின் வேகத்தில் ஆடியது. பென்னட்டின் முறையைக் குறை சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள், அது நியாயமான வாதம்.

என்.பி.ஏ.வில் ஏழு ஆட்டத் தொடர். அங்கே எட்டாம் இடத்து அணி முதலிடத்து அணியைச் சாய்த்தால், 2007-இல் கோல்டன் ஸ்டேட் டல்லஸைச் சாய்த்தது போல, 2023-இல் மயாமி மில்வாக்கியைச் சாய்த்தது போல, அதை ஒரு ராத்திரி விபத்து என்று ஒதுக்க முடியாது. நான்கு முறை வென்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே மார்ச் அதிர்ச்சியையும் ஏழு ஆட்டத் தோல்வியையும் ஒரே குரலில் பேசாதீர்கள்.

கல்லூரிப் புள்ளிகளைப் பார்த்து நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது

2005-06, 2008-09, 2010-11. இந்த மூன்று சீசன்களிலும் நாட்டிலேயே அதிக சராசரி எடுத்த கல்லூரி வீரர்கள் முறையே ஆடம் மாரிசன், ஸ்டீஃபன் கரி, ஜிம்மர் ஃப்ரெடெட். மூவருக்கும் ஆட்டத்துக்கு 28-க்கு மேல். காகிதத்தில் மூவரும் ஒரே ரகம். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் என்.பி.ஏ. தேர்வில் மாரிசன் மூன்றாவதாகப் போய் நான்கு சீசனில் காணாமல் போனார். ஃப்ரெடெட் பத்தாவதாகப் போய் அணி அணியாக மாறி, கடைசியில் சீனாவில் ஷாங்காய் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனார். கரி என்.பி.ஏ.வின் மாபெரும் நட்சத்திரம், அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஜிம்மர் காய்ச்சல் அடித்தபோது பார்த்தவர்களுக்கு 2011 ஜனவரி 26 மறக்காது. அதுவரை தோல்வியே காணாத சான் டியேகோ ஸ்டேட் அணிக்கு எதிராக 43 புள்ளி. என்.பி.ஏ. நட்சத்திரம் கெவின் டுரான்டே வாயைப் பிளந்து பாராட்டினார். அதே களத்தில், எதிரணியில், பெரிதாக யாரும் பேசாத ஒரு பையன் ஆடிக்கொண்டிருந்தான். நீளக்கை, வாய் திறக்காத சுபாவம். பெயர் காவாய் லெனார்ட். அந்த ஆண்டுத் தேர்வில் ஃப்ரெடெட் 10, அவருக்கு அடுத்த இடத்தில் க்ளே தாம்ப்சன், லெனார்ட் 15. பிறகு லெனார்ட் இரண்டு வெவ்வேறு அணிகளில் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது வாங்கினார், 2014-இலும் 2019-இலும்.

ஏன் இப்படி? விதியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. என்.பி.ஏ.வில் தடுப்பாட்டக்காரர் யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடிப் பகுதியான பெயிண்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது. கல்லூரியில் அந்தத் தடை இல்லை. உயரமான ஒருவரை வளையத்தடியில் நிறுத்திவிட்டு ஸோன் ஆடலாம், அதாவது ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கலாம். சிராகியூஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜிம் போஹைம் தன் 2-3 ஸோனை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். 2003-இல் கார்மெலோ ஆன்டனியோடு கோப்பையும் வாங்கினார். என்.பி.ஏ.வில் நடுவில் கூட்டம் குறைவு, களம் திறந்து கிடக்கும். அதனால் ஒவ்வொருவரும் தன் ஆளைத் தனியாகச் சமாளித்தாக வேண்டும். தடுக்கத் தெரியாதவரை எதிரணி முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்து, திரும்பத் திரும்ப அவரிடமே பந்தைக் கொண்டுவரும். மாரிசனுக்கும் ஃப்ரெடெட்டுக்கும் நடந்தது அதுதான். கூடவே மூன்று புள்ளிக் கோடும் தள்ளிப்போகிறது. இப்போது கல்லூரியில் 22 அடி ஒன்றே முக்கால் அங்குலம், என்.பி.ஏ.வில் வளைவின் உச்சியில் 23 அடி 9 அங்குலம். ஃப்ரெடெட் காலத்தில் கல்லூரிக் கோடு இன்னும் அருகில் இருந்தது, ஆனால் அவர் அதற்கு வெகு பின்னாலிருந்தே போடுவார், தூரம் அவருக்குப் பிரச்சினையே இல்லை. கால் வேகம்தான் பிரச்சினை.

கல்லூரி வீரரைப் பார்க்கும்போது புள்ளியை ஓரமாக வையுங்கள். பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறார்? கரி அப்போதே ஓடிக்கொண்டே இருப்பார். அப்புறம், தன்னைவிட வேகமானவர் எதிரே வந்தால் எத்தனை முறை பின்தங்குகிறார்?

"காலேஜ்ல ஸ்கோரே வர்றதில்ல"

ஒரு கல்லூரி ஆட்டம் 75-70 என்று முடிந்தால் சோம்பேறி ஆட்டம் என்றும், என்.பி.ஏ.வில் 112-108 என்றால் தாக்குதல் திருவிழா என்றும் சொல்கிறார்கள். கணக்குப் போடுவோம். என்.பி.ஏ. 48 நிமிடம், 24 நொடி ஷாட் கிளாக், அதாவது பந்தை வீசியாக வேண்டிய கெடு. ஆண்கள் கல்லூரி 40 நிமிடம், 30 நொடி. ஆகவே என்.பி.ஏ. அணிக்கு ஆட்டத்துக்குச் சுமார் 100 பொசெஷன், கல்லூரி அணிக்குச் சுமார் 68. அறுபத்தெட்டில் 75 எடுத்த அணி, நூறு கிடைத்திருந்தால் அதே வீதத்தில் 110 எடுத்திருக்கும். சோம்பேறித்தனம் எங்கே வந்தது?

பழைய சாதனைகளிலும் இதே பொறிதான். 1961-62-இல் வில்ட் சேம்பர்லேன் ஆட்டத்துக்கு 50.4 எடுத்தார். மலைக்க வைக்கும் எண், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்போது ஒரு அணி ஒரு ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் வீசிக்கொண்டிருந்தது, இப்போது தொண்ணூறைத் தொடுவதே பெரிது. வில்ட் உட்காரவே இல்லை, சராசரி 48 நிமிடத்துக்கு மேல், கூடுதல் நேரத்தையும் சேர்த்து. அன்றைய எண்ணை அப்படியே தூக்கி இன்றைய வீரர் தலையில் போட்டு அடிப்பது அடாவடி.

மோதிரத்தை எண்ணுவது

சாம்பியன் மோதிரத்தை எண்ணி வீரரை எடைபோடுபவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். மேலே சொன்ன ஆடம் மாரிசனுக்கு லேக்கர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு சாம்பியன் மோதிரம். ஜாம்பவான் சார்லஸ் பார்க்லிக்கு ஒன்றும் இல்லை. அதே வரிசை ஜாம்பவான்களான கார்ல் மலோனுக்கும் ஜான் ஸ்டாக்டனுக்கும் இல்லை.

டிராவலிங் கூச்சல்

நம் ஊர் மைதானங்களில் ஆடிப் பழகியவர்கள் என்.பி.ஏ. பார்த்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "டிராவலிங்!" என்று கத்துவார்கள், பந்தைத் தட்டாமல் அளவுக்கு மீறி நடந்துவிட்டார் என்று. பெரும்பாலும் அது டிராவலிங் இல்லை. எண்ணிக்கை, பந்தைக் கைக்குள் முழுசாக அடக்கிய கணத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் தரையில் இருக்கும் காலைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதற்கப்புறம் இரண்டு காலடி. நாம் ஆடும் சர்வதேச விதியிலும் 2017 முதல் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். ஆக, நம் கூச்சல் நம் விதிப்புத்தகத்துக்கே விரோதம். நடுவர்கள் நட்சத்திரங்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்லோ மோஷனில் பார்த்து காலடி எண்ணும்போது பந்து எப்போது கையில் அடங்கியது என்று முதலில் பாருங்கள்.

எதிர்ப்பக்கமாகவும் ஒன்று நடக்கும். வளையத்தில் பட்டு உருளும் பந்தைத் தட்டிவிடுவது சர்வதேச விதியில் சரி. என்.பி.ஏ.விலும் கல்லூரியிலும் குற்றம். அந்த நேரத்தில் நடுவரைத் திட்டாதீர்கள்.

"காலேஜ் பசங்க காசுக்கு ஆடலையே"

எனக்கு எரிச்சல் வருவது இதைக் கேட்கும்போதுதான். மார்ச் போட்டியை ஒளிபரப்ப 2010-இல் போட்ட 14 வருட ஒப்பந்தம் 1,080 கோடி டாலர். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே அதிகம் வாங்குவது பல்கலைக்கழக விளையாட்டுப் பயிற்சியாளர்தான். இவ்வளவு காசு புழங்கும் இடத்தில் ஆடுகிற பையன் மட்டும் பாசத்துக்கு ஆட வேண்டும் என்பது என்ன நியாயம்? 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்கலாம் என்று ஆனது. ஆண்டுக்கு ஆண்டு அணி மாறுகிறார்கள், பழைய பற்று போய்விட்டது என்கிறவர்கள், பயிற்சியாளர்கள் காலங்காலமாக அப்படித்தான் மாறிக்கொண்டிருந்தார்கள் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அணியில் யார் இருக்கிறார்கள் என்று வருடாவருடம் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது, அது தொல்லைதான். ஒத்துக்கொள்கிறேன்.

முதல் வாரத்தில் முத்திரை குத்துவது

2024 மே மாதம், அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கெய்ட்லின் கிளார்க் தன் முதல் டபிள்யூ.என்.பி.ஏ. (பெண்கள் தொழில்முறை லீக்) ஆட்டத்தில் 20 புள்ளி எடுத்தார், பந்தைப் பத்து முறை பறிகொடுத்தார். "அயோவாவில் ஆடியதெல்லாம் சின்னப் பிள்ளைகளோடு" என்று உடனே ஆரம்பித்துவிட்டார்கள். கல்லூரி இறுதி ஆட்டம் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் தேர்வு, முகாம், புதிய அணி, தன்னைவிடப் பலமான பெண்கள். அதே சீசனில் ஒரு ஆட்டத்தில் 19 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்) கொடுத்து லீக் சாதனையை உடைத்தார், சிறந்த புதுமுக விருதும் வாங்கினார். அந்தப் பத்து டர்ன்ஓவரில் பாதி, சக வீராங்கனைகள் இன்னும் எதிர்பார்க்கக் கற்றுக்கொள்ளாத பாஸ்கள் என்பது என் கணிப்பு.

தோற்றுத் தோற்று ஜெயிக்கலாம் என்று நம்புவது

தன் அணி மோசமாகப் போனால் ரசிகர்கள் எடுக்கும் கடைசி ஆறுதல்: "தோற்கட்டும், அடுத்த வருஷம் முதல் தேர்வு நமக்குத்தான்." தேர்வு வரிசையைக் குலுக்கலில் முடிவுசெய்யும் லாட்டரி அப்படி வேலை செய்வதில்லை. 2019-இல் வந்த முறையில், முதல் தேர்வுக்குக் கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீத வாய்ப்புதான். டெட்ராய்ட் 2022-23-இல் 17 வெற்றியோடு லீக்கிலேயே கடைசி. கிடைத்தது ஐந்தாவது தேர்வு. முதல் தேர்வான விக்டர் வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார். அடுத்த சீசனில் டெட்ராய்ட் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்று, 14 வெற்றியோடு மறுபடியும் கடைசி. மறுபடியும் ஐந்தாவது தேர்வு. 2025-இல் வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லஸ் முதலிடத்தை அள்ளி, ட்யூக்கின் கூப்பர் ஃப்ளாக்கை எடுத்தது. அதுவும் தன் நட்சத்திரம் லூகா டோன்சிச்சை லேக்கர்ஸுக்கு அனுப்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

டெட்ராய்ட்டுக்கு விடிவு வந்தது 2024-25-இல். புதிய பயிற்சியாளராக ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபைக் கொண்டுவந்தார்கள். 2021-இல் முதல் தேர்வாக எடுத்த கேட் கன்னிங்ஹாமைச் சுற்றி டோபியஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று தூரத்திலிருந்து போடத் தெரிந்த, வயதும் அனுபவமும் உள்ள ஆட்களை நிறுத்தினார்கள். 14 வெற்றி 44 ஆனது, கோப்பைக்கான தொடர்களான ப்ளேஆஃபுக்கும் போனார்கள்.