விடுமுறைச் சந்தடிக்கு நடுவே கிராஸ் ஸ்டிட்ச்

குளிர்கால விடுமுறையில் உட்கார்ந்து தைக்க நிறைய நேரம் கிடைக்கும் என்று நம்பி, பலர் கிராஸ் ஸ்டிட்சில், அதாவது கட்டம் கட்டமான துணியில் X வடிவத் தையல் போட்டுப் படம் உருவாக்கும் கைவேலையில், சுவரை அடைக்கும் படமாகப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதே துண்டு துண்டாகத்தான். அடுப்பில் ஏதாவது கொதிக்கிற பத்து நிமிடம், துணி உலர்த்திவிட்டு வந்த கால் மணி நேரம், எல்லோரும் தூங்கிய பிறகு கொஞ்சம். அதனால் நான் விடுமுறைக்கென்று எடுப்பது ஒரு பனித்துகள், ஒரு சின்ன வீடு, ஒரு புத்தகக்குறி, அவ்வளவுதான். பெரிய படம் அலமாரியிலேயே இருக்கட்டும், அதற்கு வேறு மாதங்கள் இருக்கின்றன.

எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஏதாவது ஒரு மிச்சத் துணியில் 10-க்கு 10 கட்டம், அதாவது 100 தையல் போட்டுப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆனால், 800 தையல் உள்ள படத்துக்கு எட்டு மணி நேரம் வேண்டும். துண்டு துண்டாகக் கிடைக்கிற நேரத்தில் எட்டு மணி என்பது எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். “இதை எப்பம்மா முடிக்கப் போற?” என்று அத்தை கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்ல இந்தக் கணக்கு உதவுகிறது.

துணி, 14 கவுண்ட் ஐடா, அதாவது கட்டம் கட்டமாக நெய்த துணி. ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். மாலையில் சீக்கிரம் இருட்டிவிடும் நாட்களில் 18 கவுண்டை எடுத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். படத்தின் நீளத்திலும் அகலத்திலும் உள்ள தையல் எண்ணிக்கையைத் தனித்தனியாக 14-ஆல் வகுத்தால் அளவு வந்துவிடும்: 56-க்கு 42 தையல் என்றால் 4-க்கு 3 அங்குலம். நாலு பக்கமும் குறைந்தது 2 அங்குலம் விட்டு வெட்டுங்கள். தொங்கவிடும் சின்னச் சாமானுக்கு அது போதும், சட்டம் போடுவதென்றால் 3 அங்குலம். ஓரம் பிரியாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு ஓரத்தையல் போட்டுவிடுங்கள்.

ஊசி முனை மழுங்கியதாக இருக்க வேண்டும், 24-ஆம் எண். எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக முறுக்கி வரும். 14 கவுண்டுக்கு இரண்டு இழை போதும். வெளிக்கோடு போடும் பேக் ஸ்டிட்சுக்கு ஒரே இழை. இழைகளைச் சேர்த்து இழுத்தால் முடிச்சு விழும், ஒவ்வொன்றாக உருவி எடுங்கள். முழங்கை நீளத்துக்கு, சுமார் 45 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பளபளக்கும் ஜரிகை நூல் என்றால் 30 போதும். அது ஒவ்வொரு முறை துணிக்குள் போய் வரும்போதும் உரசிப் பிரியும், அவசரப்பட்டால் இன்னும் மோசம். பனிப் படங்களில் ஜரிகை கேட்கிற இடத்தில் பாதிக்குப் பாதி நான் சாதாரண வெள்ளையோ வெளிர் சாம்பலோ போட்டுவிடுகிறேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

தொடங்கும் முறையை மட்டும் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். 90 சென்டிமீட்டரில் ஒரே ஓர் இழையை வெட்டி, சரிபாதியாக மடியுங்கள். இரண்டு நுனிகளையும் ஊசியில் கோத்தால் மறுமுனையில் ஒரு கண்ணி இருக்கும். பின்னாலிருந்து ஊசியை மேலே எடுத்து, கண்ணி கொஞ்சம் பின்னால் தொங்கும்படி விடுங்கள். குறுக்காக எதிர்மூலையில் இறக்கி, பின்பக்கம் அந்தக் கண்ணிக்குள் ஊசியை நுழைத்து மெதுவாக இழுத்தால் நூல் பிடித்துக்கொள்ளும். முடிச்சும் இல்லை, பின்னால் புடைப்பும் இல்லை. இழை எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இது நடக்கும். நூல் முடியும் இடத்தில், பின்னால் இருக்கும் மூன்று நான்கு தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டிவிடுங்கள்.

தையல் போடுவது எளிது. ஒரு வரிசை முழுக்க ஒரு பக்கச் சாய்வு, திரும்பி வரும்போது எதிர்ச்சாய்வு. மேலே வரும் சாய்வு படம் முழுக்க ஒரே திசையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் படும்போது அந்த ஒரு தையல் மட்டும் தனியாகத் தெரியும். நூல் முறுக்கிக்கொண்டால் துணியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள், தானே சுழன்று பிரிந்துவிடும். அடர்நிற நூலை வெள்ளைத் துணியின் பின்னால் நாலைந்து கட்டம் தாண்டி இழுத்துச் செல்லாதீர்கள், நிழல் மாதிரி முன்னால் தெரியும்.

உண்மையில் படத்தைக் கெடுப்பது எண்ணிக்கைதான். 23 வரை எண்ணிக்கொண்டிருக்கும்போது, “அம்மா, என் சாக்ஸ் எங்கே?” என்று குரல் வரும். அதற்காகத்தான் தொடங்கும் முன்பே துணியில் 10 கட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுகிறேன். எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் படத்தாளிலும் அதே 10-க்கு ஒரு தடித்த கோடு இருக்கும், இரண்டும் பொருந்திவிடும். நாலாக மடித்து நடுப்புள்ளி கண்டுபிடித்து அங்கிருந்து கோடு போட்டால் படம் நடுவில் உட்காரும். கோட்டுக்குத் தண்ணீரில் போகும் பேனா சரி. இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவை நம்பாதீர்கள். அந்த மை குளிர் பட்டால் திரும்பித் தெரியும், குளிர்காலத்தில் கொடுக்கும் பரிசில் கோடு எழுந்து நிற்கும். எழுந்து போகும் முன் தைத்து முடித்த கட்டங்களைப் படத்தாளின் நகலில் பென்சிலால் அடித்துவிடுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

எல்லாம் ஒரு மூடி உள்ள டப்பாவில் இருக்கட்டும். ஊசிக்கு ஒரு காந்தம், தேவையான நூல்கள் மட்டும், சின்னக் கத்தரிக்கோல். மேஜை மேல் பரப்பினால் யாராவது ஒரு குவளையை அதன்மேல்தான் வைப்பார்கள். துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் மாட்டித் தைத்தால், இரவில் அதைக் கழற்றிவிடுங்கள், தொடர்ந்து மாட்டியிருந்தால் வட்டத் தடம் விழுந்து போக மறுக்கும். குளிரில் விரல் நுனி வெடித்து நூலைப் பிடித்து இழுக்கிறதா? தைத்து முடித்த பிறகு கிரீம் தடவுங்கள், தைக்கும் முன் தடவினால் வெள்ளைத் துணியில் கறை படியும்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில், கொஞ்சம் மென்மையான சோப்பு போட்டு அலசுங்கள். அடர்சிவப்பு நூல் இருந்தால் சாயம் விடுகிறதா என்று பார்த்து, தண்ணீர் தெளியும் வரை அலசிக்கொண்டே இருங்கள், இடையில் காயவிடாதீர்கள். ஒரு தடித்த துண்டின் மேல் தையலைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாக இஸ்திரி போட்டால் தையல் நசுங்காது. அப்புறம் அட்டை ஒன்றை அளவுக்கு வெட்டி, மேலே மெல்லிய பஞ்சு வைத்து, துணியை இழுத்து மடித்து, பின்னால் நூலால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுங்கள். பின்னால் ஃபெல்ட் துணி ஒட்டுவதற்கு முன் தொங்கவிடும் நாடாவை நடுவில் வைத்துவிடுங்கள், ஒட்டிய பிறகு அதை நுழைக்க இடம் இருக்காது.