வேலூரில் ஹார்ட் ராக் ஆல்பம் பதிவு செய்யும் முறை

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ மாடி அறையில் வாசித்துப் பழகும் குழுவினர் பலர், ஆல்பம் என்றாலே சென்னைக்குப் போய் மணிக்கணக்கில் ஸ்டுடியோ வாடகை கட்ட வேண்டும் என்று எண்ணித் தயங்குகிறார்கள். வாடகையைவிடப் பெரிய செலவு, பாடல் கைக்கு வராமல் பதிவுக்கு உட்காருவதுதான். பிளாக் சப்பாத் என்ற பிரிட்டன் ராக் குழுவினர் 1969 அக்டோபரில் தங்கள் முதல் ஆல்பத்தை ஏறத்தாழ ஒரே நாளில் பதிவு செய்துவிட்டார்கள்; மேடை மேடையாக வாசித்ததில் பாடல்கள் அவர்களுக்கு அத்துப்படியாகியிருந்தன. எந்தப் பாடலையும் நிறுத்தாமல் அடுத்தடுத்து மூன்று முறை பிசிறின்றி வாசிக்க முடிந்த பிறகே மைக்கைத் தொடுங்கள்.

முதலில் டிரம்ஸைப் பதிவு செய்ய வேண்டும். சிறிய அறையில் அடித்தால் அது தகரம்போல் ஒலிக்கும். லெட் செப்பலின் என்ற இன்னொரு பிரிட்டன் ராக் குழுவினர் 1971-இல் வெளியிட்ட நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாடலுக்காக, ஒரு பழைய இங்கிலாந்து வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார்கள். நமக்கு அந்தக் கூடம் கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். மார்கழியில் வெயிலும் வாட்டாது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம்முக்குள் ஒரு பழைய தலையணையை வையுங்கள். ஸ்நேர் எனும் சிறிய டிரம்மின் நடுவில் சணல் கயிற்றின் ஒரு முனையை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறுமுனையால் தலைக்கு மேலுள்ள இரண்டு மைக்குகளையும் அளந்து ஒரே தூரத்தில் நிறுத்துங்கள்; தூரம் மாறினால் இரண்டிலும் ஸ்நேரின் ஒலி முன்பின்னாக வந்து மெலிந்துவிடும். மூன்றாவதாக ஒரு மைக்கை மண்டபத்தின் கடைக்கோடியில் வைத்தால், அந்த எதிரொலிதான் பாடலுக்குக் கனத்தைத் தரும்.

எங்கள் முதல் பதிவில் கிட்டார் முழுக்க ஒரு ரீங்காரம் கலந்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கண்டுபிடித்தோம். சோக் வைத்த பழைய டியூப்லைட்டே காரணம். இரண்டு நாள் உழைப்பு வீணானது. ஆகவே விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்து, ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டுவிடுங்கள்.

கிட்டாரை வீட்டிலேயே பதிவு செய்யலாம். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதைவிடக் குறைத்து, அதே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்தால் சுவர்போல் நிற்கும். ஒரே பதிவை நகலெடுத்து வைத்தால் அந்த அகலம் கிடைக்காது. குரலை இரவில், இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுற்றி நிறுத்திப் பதிவு செய்யுங்கள். மார்கழி அதிகாலையில் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

தனித்தனிப் பதிவுகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் ஒலியளவை முட்டும்வரை ஏற்றாதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சமன் செய்தே ஒலிக்கவிடுகின்றன. அப்படி ஏற்றி நசுக்கிய பாடல் அங்கே தட்டையாகத்தான் கேட்கும்.

வெளியிடுவதற்கு முன் காரிலும் விலை குறைந்த இயர்போனிலும் போட்டு, ராக் கேட்காத வீட்டாரிடமும் கருத்துக் கேளுங்கள். பிளாக் சப்பாத்தின் அந்த முதல் ஆல்பத்தை 1970-இல் விமர்சகர்கள் பலர் சாடினார்கள். ஆனாலும் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் அது 8-ஆம் இடம் வரை ஏறியது. எனவே யாராவது “ஒரே சத்தம்” என்றால் பாடலை மாற்ற வேண்டியதில்லை. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேர் “வரிகள் புரியவில்லை” என்று சொன்னால் மட்டும், கிட்டாரைச் சற்றுத் தாழ்த்திவிட்டு மறுபடி மிக்ஸ் செய்யுங்கள்.