வெளிநாட்டுப் பட்டத்துடன் பினாங்கில் வேலை தேடுவோருக்கு உதவுவது எப்படி

திருமணமாகியோ, கணவரின் பணி மாற்றத்தாலோ, தாமாகவே வேலை தேடியோ பினாங்குக்கு வந்து சேரும் பட்டதாரிகளுக்கு நம் சங்கங்களிலும் கோயில் மண்டபங்களிலும் முதலில் கிடைக்கும் அறிவுரை, பட்டத்தை எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி முகமைக்கு அனுப்பி அங்கீகாரம் வாங்கிவிடுங்கள் என்பதுதான். சொல்பவரின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகும் வேலை கிடைக்காமல் வீட்டிலிருப்பவர்கள் பலர். வெளிநாட்டுக் கல்வித் தகுதியை எடைபோடும் இடம் இந்நாட்டில் ஒன்றே ஒன்றாக இல்லாததே இதற்குக் காரணம். குடிநுழைவுத் துறை பட்டத்தோடு அனுபவத்தையும் சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. தொழில்முறை வாரியங்கள் தத்தம் சட்டத்தின்படி பார்க்கின்றன. அரசுப் பணிக்குப் பொதுச் சேவைத் துறையின் அங்கீகாரம் தேவை. தனியார் நிறுவனத்தின் மனிதவள அதிகாரிக்கோ, இவர் வந்து என்ன செய்வார் என்பதே கேள்வி. ஆகவே உதவ முன்வருபவர் சான்றிதழை விரித்துப் பார்ப்பதற்கு முன்பே, இவருடைய தகுதியைக் கேட்கப்போவது இவர்களில் யார் என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கடப்பிதழில் உள்ள அனுமதி என்ன?

பட்டத்தைவிட முன்னதாகப் பார்க்க வேண்டியது, அவர் எந்த அனுமதியின் பேரில் இங்கே தங்கியிருக்கிறார் என்பதே. சுற்றுலாவுக்கு வழங்கப்படும் சமூக வருகை அனுமதியில் வந்தவர் நேர்காணலுக்குச் செல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; "இரண்டு மாதம் வேலை செய்து காட்டுங்கள், பிறகு பெர்மிட் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லும் முதலாளியிடம் ஒரு நாள்கூடப் பணியாற்றக் கூடாது. 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி அனுமதியற்றவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஆள் ஒருவருக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு என்றாலும், நாட்டைவிட்டு அனுப்பப்படுவது வேலை செய்தவரே.

மலேசியரை மணந்து நீண்டகாலச் சமூக வருகை அனுமதியில் தங்கியிருப்பவரின் நிலை வேறு. தமிழ்நாட்டிலிருந்து மருமகளாக வரும் படித்த பெண்களில் பெரும்பாலோர் இந்தப் பிரிவில்தான் வருகிறார்கள். அந்த அனுமதியிலேயே எவ்வித வேலையும் செய்யக் கூடாது என்ற வாசகம் அச்சாகியிருப்பதால் குடும்பத்தாரும் நிறுவனங்களும் அத்தோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அவர் குடிநுழைவுத் துறையிடம் விண்ணப்பித்து, வேலை செய்வதற்கான மேலொப்புதலைப் பெற முடியும். முதலாளியின் பணிநியமனக் கடிதம், திருமணச் சான்றிதழ், கணவரின் அடையாள அட்டை ஆகியவற்றோடு, கணவரும் உடன் செல்வது நல்லது. இங்கே உதவியாளரின் பெரும்பகுதி வேலை நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது: இவருக்கு இ.பி. எனப்படும் வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை அனுமதி எடுக்கத் தேவையில்லை என்பதை மனிதவள அதிகாரிக்குப் பொறுமையாக விளக்கி, கடிதம் கொடுக்க வைக்க வேண்டும். பல விண்ணப்பங்கள் விதியால் அன்றி, விதி தெரியாததால் நின்றுபோகின்றன.

இ.பி.யில் பணியாற்றுபவரின் துணைவர் சார்ந்தோர் அனுமதியில் இருந்தால், அந்த அனுமதியைக் கொண்டு வேலை செய்ய இயலாது. வேலை கொடுக்கும் நிறுவனம் அவருக்கென்று தனி அனுமதி பெற வேண்டும். வல்லுநர்களை ஈர்ப்பதற்கான அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப் வழியாக விண்ணப்பிக்கும் பத்தாண்டு வசிப்பிட அனுமதியைப் பெற்றவரின் துணைவருக்கு வேலை செய்யும் உரிமை உண்டு. ஆதலால் கணவரோ மனைவியோ மலேசியாவில் மூன்றாண்டுக்கு மேல் நல்ல சம்பளத்தில் பணியாற்றியவராக இருந்தால், துணைவருக்கு வேலை தேடும் முன் அந்த வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இனி, நிறுவனமே இ.பி. எடுக்க வேண்டிய நிலை. இதில் பட்டம் மட்டும் போதாது. பட்டதாரிக்குக் குறைந்தது மூன்றாண்டு, டிப்ளோமா பெற்றவருக்கு ஐந்தாண்டு, தொழில்நுட்பச் சான்றிதழ் பெற்றவருக்கு ஏழாண்டு தொடர்புடைய அனுபவம் எதிர்பார்க்கப்படுகிறது. சம்பள வரம்பும் உண்டு: நெடுங்காலமாக இ.பி.யின் மூன்றாம் வகைக்கு மாதம் 3,000, இரண்டாம் வகைக்கு 5,000, முதல் வகைக்கு 10,000 ரிங்கிட் என்றிருந்த தொடக்க வரம்புகளை 2026 ஜூன் 1 முதல் முறையே 5,000, 10,000, 20,000 ரிங்கிட்டாக உயர்த்துவதாக உள்துறை அமைச்சு அறிவித்தது. துறைக்கேற்ப நிபந்தனைகள் மாறக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் குடிநுழைவுத் துறையின் வல்லுநர் சேவைப் பிரிவு இணையதளத்தைப் பார்ப்பதே முறை. நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனமும் கணக்கில் வரும்; முழுக்க உள்ளூர்க்காரருக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் தேவை என்பது நடைமுறை. பெரும்பாலான பணியிடங்களை முதலில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் உள்ளூர்வாசிகளுக்காக விளம்பரப்படுத்தவும் வேண்டும். நேர்காணல் முடிந்து வாரக்கணக்கில் பதில் வராவிட்டால், அது நிராகரிப்பாக இருக்க வேண்டியதில்லை. விளம்பரக் காலம் ஓடிக்கொண்டிருக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், வந்தவர் அவசரப்பட்டு வேறு எதிலாவது போய் விழமாட்டார்.

வாரியம் கேட்கும் தொழில்கள்

சில தொழில்களில் பதிவு இல்லாமல் அடியெடுத்துவைக்க இயலாது. மருத்துவருக்கு மலேசிய மருத்துவ மன்றம், தாதியருக்குத் தாதியர் வாரியம், மருந்தாளருக்குத் தனி வாரியம். மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர் தகுதித் தேர்வு எழுத வேண்டியிருக்கும், இவர்களுக்கு எம்.கியூ.ஏ. கடிதத்தால் பயனில்லை. வழக்கறிஞருக்கு வழி இன்னும் குறுகியது: 1976 வழக்கறிஞர் தொழில் சட்டம் தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞராகச் சேர்பவர் குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்பிடத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப்பட்டவரை வீண் நம்பிக்கையில் அலையவிடாமல், நிறுவனங்களின் ஒப்பந்தப் பிரிவு, விதி இணக்கப் பிரிவு போன்ற வேலைகளுக்குத் திருப்பிவிடுவதே நேர்மையான உதவி.

கணக்காளருக்கு இன்னொரு நுணுக்கம். 1967 கணக்காளர் சட்டப்படி மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராகாதவர் தம்மைக் கணக்காளர் என்று கூறிக்கொள்ளக் கூடாது. ஏ.சி.சி.ஏ., சி.ஐ.எம்.ஏ. போன்ற பன்னாட்டுக் கணக்காளர் அமைப்புகளில் தகுதி பெற்றவர்கள் உரிய அனுபவத்தோடு உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் பி.காம். மட்டும் படித்துப் பத்தாண்டு கணக்கு எழுதியவர், கணக்காளர் பதவிக்கு விண்ணப்பித்து ஏமாறுவதைவிட, நிதி நிர்வாகி, சம்பளப் பட்டியல் நிர்வாகி, கொள்முதல் கணக்கு நிர்வாகி என்ற பதவிகளைத் தேடுவது நல்லது. உலக நிறுவனங்கள் தம் கிளைகளின் கணக்கு, சம்பளப் பணிகளை ஒரே இடத்தில் செய்யும் பகிர்வுச் சேவை மையங்கள் கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் மிகுதி, பினாங்கிலும் இருக்கின்றன.

பினாங்கில் நாம் அதிகம் சந்திப்பது பொறியாளர்களைத்தான். மலேசியப் பொறியாளர் வாரியம் 1967 சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-லும், இந்தியாவும் இலங்கையும் 2014-லும் முழு உறுப்பினராயின. இதைக் கேட்டதும் இந்தியாவின் எல்லா பி.இ. பட்டங்களும் செல்லும் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அவ்வாறில்லை. இந்தியாவில் என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளே உடன்படிக்கைக்குள் வருகின்றன. கல்லூரிக்கு நற்பெயர் இருப்பதும், வேறொரு பாடப்பிரிவு அங்கீகாரம் பெற்றிருப்பதும் உதவா. அந்த அங்கீகாரம் இவர் படித்து முடித்த ஆண்டுக்குச் செல்லுபடியானதா என்பதையும் என்.பி.ஏ. பட்டியலில் தேதி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 2014-க்கு முன் பட்டம் பெற்றவர் உடன்படிக்கையை நம்பாமல் வாரியத்தையே நேரடியாக எழுதிக் கேட்க வேண்டும்.

கட்டுமானத் துறையினருக்கு இது தலையாய விஷயம். வரைபடங்களில் கையொப்பமிட்டு ஊராட்சி மன்றத்தில் சமர்ப்பிக்கும் அதிகாரம், தொழில் நடத்தும் சான்று பெற்ற நிபுணத்துவப் பொறியாளருக்கே உண்டு. 1972 முதல் வளர்ந்துவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் மின்னணு நிறுவனங்களிலோ, நேர்காணலில் சோதனைக் கருவி, உற்பத்தி விளைச்சல், பிழைப் பகுப்பாய்வு என்ற பேச்சுத்தான் நடக்கும். அங்கே செல்ல விரும்புபவரின் நேரத்தையும் பணத்தையும் முதலில் வாரியப் பதிவில் செலவழிக்க வைப்பதை நான் ஏற்பதில்லை. பதிவுக்கான விண்ணப்பம் வேலை தேடுதலோடு சேர்ந்தே நடக்கட்டும். திறன் இடைவெளி இருந்தால் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தின் குறுகியகாலப் பயிற்சிகளைப் பார்க்கலாம். 1989-இல் தொழிற்துறையும் மாநில அரசும் சேர்ந்து தொடங்கிய மையம் அது. அங்கு பெற்ற பயிற்சி என்றால் உள்ளூர் மேலாளருக்குப் புரியும்.

எம்.கியூ.ஏ. கடிதம் யாருக்கு?

மலேசியத் தகுதி முகமை 2007 சட்டத்தின் கீழ் அமைந்தது. நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் எட்டு நிலைகள் உள்ளன. டிப்ளோமா நான்காம் நிலை, இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலை, முதுகலை ஏழாம் நிலை. வெளிநாட்டுத் தகுதி இதில் எந்த நிலைக்குச் சமம் என்பதை முகமை மதிப்பிட்டுச் சொல்லும். கல்லூரியில் விரிவுரையாளராக விரும்புபவர், மேற்படிப்பில் சேர விரும்புபவர், நிறுவனமே எழுத்தில் கேட்டிருப்பவர் ஆகியோருக்கு அது தேவை. அரசுப் பணிக்கான அங்கீகாரம் பொதுச் சேவைத் துறையின் பொறுப்பு. அஞ்சல்வழிப் பட்டம் வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மதிப்பீட்டில் பாடமுறை பற்றிய கேள்வி வரும், அப்போது மறைத்துப் பயனில்லை.

பெயரும் ஆவணங்களும்

விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வதில் பெரும்பங்கு பெயருக்கு உண்டு. தமிழ்நாட்டுச் சான்றிதழில் க. செல்வி என்றும், கடப்பிதழில் தந்தையின் பெயர் விரிந்து செல்வி கந்தசாமி என்றும், திருமணத்துக்குப் பின் புதுப்பித்த கடப்பிதழில் கணவர் பெயரோடும் இருக்கும். நமக்கு மூவரும் ஒருவரே. கணினியில் பெயரைப் பொருத்திப் பார்க்கும் அலுவலருக்கு மூவர். வந்த முதல் வாரத்திலேயே எல்லாச் சான்றிதழ்களையும் மேசைமேல் பரப்பி, எதில் எந்தப் பெயர், எந்த எழுத்துக்கூட்டல், எந்தப் பிறந்த தேதி என்று தாளில் எழுதிப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், எல்லா வடிவங்களையும் குறிப்பிட்டு அவை அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்று 1960 சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ் உறுதிமொழி தயாரித்து, சத்தியப் பிரமாண ஆணையரிடம் கையொப்பம் பெறுங்கள். மூலப்பிரதி இரண்டு செய்துகொள்வது நலம். எந்த விண்ணப்பத்திலும் கடப்பிதழில் உள்ள பெயரையே எழுத வேண்டும். சுருக்கவோ அழகுபடுத்தவோ கூடாது.

சான்றொப்பத்தைப் பொறுத்தவரை, ஓர் உடன்படிக்கையின் கீழ் உறுப்பு நாடுகள் ஆவணங்களை ஏற்க இந்தியாவில் எளிதாகக் கிடைக்கும் அப்போஸ்டில் முத்திரையை மட்டும் நம்பி வரக் கூடாது. மலேசியா அந்த உடன்படிக்கையில் சேராத நாடு. மாநில அரசின் சரிபார்ப்பு, இந்திய வெளியுறவு அமைச்சின் சான்றொப்பம், அதன்மேல் மலேசியத் தூதரகத்தின் சான்றொப்பம் என்பதே வரிசை. சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஊரை விட்டுப் புறப்படும் முன் செய்தால் இது அலைச்சல் மட்டுமே. வந்த பிறகு என்றால் பெற்றோருக்கு அதிகாரக் கடிதம் எழுதி, மூலச் சான்றிதழைக் கூரியரில் அனுப்பி, திரும்பி வரும்வரை கவலைப்பட வேண்டும். பட்டச் சான்றிதழோடு பருவவாரியான மதிப்பெண் பட்டியல், பல்கலைக்கழகம் மூடிய உறையில் தரும் மதிப்பெண் விவரம், முந்தைய நிறுவனங்களின் பணி அனுபவக் கடிதங்கள் ஆகியவையும் வேண்டும். அனுபவக் கடிதத்தில் பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த வேலை நான்கும் இருக்க வேண்டும். விலகிய நாள் இல்லாத கடிதத்தை வைத்து இ.பி.க்கான மூன்றாண்டு அனுபவத்தை நிரூபிப்பது கடினம்.

தன்விவரக் குறிப்பும் பணிநியமனக் கடிதமும்

மலேசியாவில் சி.ஜி.பி.ஏ. நான்குக்குக் கணக்கிடப்படுகிறது. இந்தியப் பட்டதாரி வெறுமனே 7.8 என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். பத்துக்கு 7.8, முதல் வகுப்பு என்று எழுத வேண்டும். தாமாகவே நான்குக்கு மாற்றி எழுதக் கூடாது, ஏனெனில் மதிப்பெண் பட்டியலில் அந்த எண் இருக்காது. பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன்பாக, செய்த வேலை வரட்டும்: எந்த இயந்திரம், எந்த மென்பொருள், எத்தனை பேர் கொண்ட குழு, எதைக் குறைத்தார், எதைக் கூட்டினார். தந்தை பெயர், மதம், "மேற்கண்டவை யாவும் உண்மை" என்ற உறுதிமொழி ஆகியவை இங்கே தேவையில்லை. மலாய் தெரியாது என்பதை மறைக்காமல், கற்றுக்கொண்டிருந்தால் அதை எழுதலாம். ஆலையின் தளத்தில் இயந்திரங்களை இயக்கும் தொழிலாளர்களோடு பேச மலாய் உதவும் என்பதை நேர்காணல் செய்பவர் அறிவார்.

வேலை கிடைத்ததும் பணிநியமனக் கடிதத்தை உதவியாளரும் ஒருமுறை படிப்பது நல்லது. கடிதத்தில் உள்ள பதவியும் சம்பளமும் அனுமதி விண்ணப்பத்தில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். பொறியாளர் என்று அனுமதி பெற்றுக் கிடங்கில் எழுத்தராக அமர்த்தினால் அடுத்த புதுப்பிப்பில் சிக்கல் அவருக்கே. "இப்போதைக்குச் சின்ன வேலையில் சேருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற யோசனை மலேசியரை மணந்தவருக்கு ஓரளவு பொருந்தலாம், இ.பி.யில் வருபவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் அந்த அனுமதி அந்த நிறுவனத்துக்கும் அந்தப் பதவிக்கும் உரியது, வேறிடம் மாற வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிக்கான கட்டணம் யார் செலுத்துவது, பின்னர் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதையும் கையொப்பமிடும் முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதி முத்திரைக்காக நிறுவனத்திடம் கொடுக்கும் கடப்பிதழுக்குக் கையொப்பமிட்ட ரசீது வாங்கி, முத்திரை பதிந்ததும் திரும்பப் பெற வேண்டும். 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி பிறருடைய கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது குற்றம் என்பதை, கேட்கத் தயங்குபவருக்கு நீங்களே எடுத்துச் சொல்லலாம்.