கதையைப் பாதியில் நிறுத்துங்கள்

மறைக்கல்வி வகுப்பில் லூக்கா 5-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். மீண்டும் வலை வீசச் சொல்லும் இயேசுவிடம், இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று மீனவரான சீமோன் பேதுரு சொல்லும் இடத்தில் நிறுத்தி, "மீன்பாடு இல்லாமல் வந்து வலையை அலசிக்கொண்டிருக்கும் அப்பாவை, திரும்பக் கடலுக்குப் போகச் சொன்னால் என்ன சொல்வார்?" என்று கேளுங்கள். பாம்பன், தங்கச்சிமடம் போன்ற மீனவ ஊர்ப் பிள்ளைகளிடம் பதில் ரெடியாக இருக்கும்: அலுப்பு, டீசல் காசு, கோபம். (ஓரிரு கெட்ட வார்த்தையும் வரும், கண்டுகொள்ளாதீர்கள்.) அதன்பின் "ஆயினும் உமது சொற்படியே" என்பதை வாசித்தால், பேதுரு கீழ்ப்படிந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களுக்கே உறைக்கும். மனப்பாடம் செய்த வசனம் அந்த அளவுக்கு உள்ளே போவதில்லை.

அப்பா கடலில் காணாமல் போன, அல்லது இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்தக் கேள்வியே வேண்டாம். மழலையருக்கும் முழுக் கதையையும் சொல்லிவிடுவதே மேல்.