ஏற்காட்டு மேகமும் துடித்த டைம்லாப்ஸும்

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலத்தின் மேல் மேகம் நகர்வதை 5 வினாடிக்கு ஒரு படமாக 1 மணி நேரம் எடுத்தேன். 720 படம், வினாடிக்கு 24 படமாகக் கோத்தால் 30 வினாடி டைம்லாப்ஸ் வீடியோ. ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறது.

முதல் காரணம் கேமராவின் ஆட்டோ மோடு. வெள்ளை மேகம் உள்ளே வந்ததும் கேமரா படத்தை இருட்டாக்கும், விலகியதும் வெளிச்சமாக்கும். மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) டேலைட், ஃபோகஸும் மேனுவல் என்று பூட்டினேன். பாதி சரியானது.

மீதித் துடிப்பு அப்பெர்ச்சரால், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையால் வந்தது. துளையைச் சிறிதாக்கி எஃப்/11-ல் வைத்தால் லென்ஸுக்குள் இருக்கும் இதழ்கள் ஒவ்வொரு கிளிக்குக்கும் மூடித் திறக்கும். ஒவ்வொரு முறையும் அச்சாக ஒரே அளவில் மூடாது. மயிரிழை மாறினாலும் வீடியோவில் தெரியும். லென்ஸை முழுக்கத் திறந்து எஃப்/2.8 வைத்தால் இதழ் அசையவே அசையாது. வெளிச்சம் கூடிவிடுமே என்றால், ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரை, 6 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) அளவில் போட்டு ஷட்டரை 1/60 வினாடிக்கு இறக்கினேன். துடிப்பு நின்றது. எனக்கு இதுதான் நம்பகமான வழி.

ஏசி காரில் குளிர்ந்த கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே 20 நிமிடம் வையுங்கள். காற்றுக்கு ட்ரைபாடில் பையைத் தொங்கவிட்டால் அடி தரையைத் தொடட்டும். ஊசலாடினால் அதுவே படத்தை ஆட்டும்.