பாலைவனப் பந்தயத்தில் எங்கே நிற்பது, எப்படி நடந்துகொள்வது

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட மழைமறைவு நிலத்தில் ஜீப்பு ஓட்டிப் பழகியவர்களுக்கு, ஜெய்சல்மேர் பக்கம் நடக்கும் பாலைவனப் பந்தயங்களை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். சிலர் போட்டியாளராகவோ உதவிக் குழுவினராகவோ போக நினைப்பார்கள். ஆனால் பந்தயம் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேதான். அங்கே தடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே தடுப்பு உண்டு. பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் தடத்துக்கு வேலி போட யாராலும் முடியாது. ஓட்டுநருக்குத் தலைக்கவசமும், வண்டி புரண்டாலும் நசுங்காமல் காக்கும் ரோல் கேஜ் என்ற இரும்புக் கூண்டும் காப்பு. பார்ப்பவருக்கு அவர் நிற்கும் இடம் மட்டுமே காப்பு. எனவே இங்கே பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

இரண்டு விபத்துகளைத் தெரிந்துகொள்வது நல்லது. 2010 ஆகஸ்ட் 14 அன்று இரவு, கலிஃபோர்னியாவின் ஜான்சன் பள்ளத்தாக்கில் நடந்த பந்தயத்தில், மேட்டில் எகிறிக் குதித்த வண்டி கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் புரண்டதில் எட்டுப் பார்வையாளர்கள் இறந்தனர். வண்டிகள் காற்றில் எழும்பும் காட்சியைக் கிட்டத்தில் பார்ப்பதற்காகவே தடத்தை ஒட்டிச் சில அடி தூரத்தில் மக்கள் கூடியிருந்தார்கள். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் நடந்த தேசிய ரேலிப் போட்டியில், பந்தயத்துக்காக மூடப்பட்டிருந்த சாலைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர், போட்டிக் கார் மோதி உயிரிழந்தனர். முதலாவது விபத்தில் கூட்டம் நின்ற இடம் ஆபத்தானது; இரண்டாவதில் வண்டி வரும் பாதைக்குள்ளேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். பார்வையாளர் தவிர்க்க வேண்டியவை பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருபோதும் நிற்கக் கூடாது. பிடி நழுவிய வண்டி நேராக அங்கேதான் போகும். உள்பக்கமும் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம், ஏனெனில் மண் தடத்தில் ஓட்டுநர்கள் வளைவைக் குறுக்கே வெட்டிப் போவது வழக்கம். மேட்டில் எகிறிய வண்டி எங்கே, எந்தக் கோணத்தில் இறங்கும் என்பதை ஓட்டுபவரே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகையால் மேட்டுக்கு நேர் எதிரிலும் இறங்குமிடத்தின் இருபுறமும் வெறுமையாக இருக்க வேண்டும். தடத்தைவிடத் தாழ்ந்த இடத்தைத் தவிர்த்து, வண்டி தொலைவில் வரும்போதே கண்ணில் படுகிற உயரமான இடத்தை, அதுவும் பின்னால் ஓடித் தப்ப வழியுள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடும். அது தடம் மாறுவதைக் கண்ட பிறகு எழுந்து, செருப்பைத் தேடி, குழந்தையைத் தூக்கி ஓட அவகாசம் கிடைக்காது. அதனால்தான் தடத்தோரத்தில் நாற்காலி போட்டு உட்காருவதும், முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பதும் கூடாது என்கிறார்கள். அமைப்பாளர்கள் கயிறு கட்டியிருந்தால் அந்தக் கயிற்றைக் குறைந்தபட்ச எல்லையாக எடுத்துக்கொண்டு, அதற்கும் பின்னால் நில்லுங்கள்.

புழுதியின் போக்கு நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே கிழக்கிலிருந்தும், ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்றில் வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைப் பாலைவனத்திலும் பயன்படுத்தலாம்: காற்று வரும் பக்கத்தில் நின்றால் புழுதி உங்களைவிட்டு விலகிப் போகும், நீங்கள் வண்டியையும், ஓட்டுநர் உங்களையும் பார்க்க முடியும். ஒரு வண்டி போனவுடன் தடத்தைக் கடக்க நினைப்பது மிகவும் ஆபத்தானது. வண்டிகளை இடைவெளி விட்டு அனுப்பினாலும், பின்னால் வருபவர் வேகமானவராக இருந்தால் முன்னவர் கிளப்பிய புழுதிக்குள்ளேயே அவர் இருக்கக்கூடும். முன்னால் போன வண்டியின் சத்தம் பின்வரும் வண்டியின் சத்தத்தை மறைத்துவிடும் என்பதால் காதையும் நம்ப முடியாது. கடக்க வேண்டுமென்றால் மார்ஷல் எனப்படும் தடக் காவலரிடம் கேட்டு, அவர் கைகாட்டிய பிறகு கடக்க வேண்டும்.

இரவுப் பந்தயத்தில் ஓட்டுநரின் முகத்துக்கு நேராக டார்ச் அடிப்பதும் கேமரா ஃபிளாஷ் போடுவதும் அவரைச் சில நொடிகள் குருடாக்குவதற்குச் சமம். ட்ரோன் பறக்கவிட அமைப்பாளரின் அனுமதி கட்டாயம். மீட்பு ஹெலிகாப்டர் தாழப் பறக்கும் இடத்தில் அது விபத்தை வரவழைக்கும். அத்துடன் ஜெய்சல்மேர் பாகிஸ்தான் எல்லையோர மாவட்டம் என்பதையும் மறக்கக் கூடாது. சித்தூர்த் தாலுகாவின் தென்னந்தோப்புக் கள்ளுக்கு நாடறிந்த பெயர் உண்டு. அதை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம். குடித்தவர் தடத்தோரத்தில் நிற்பது, குடித்தவர் வண்டி ஓட்டுவதைவிடக் குறைந்த தவறு என்று நான் கருதவில்லை.

மெக்சிகோவில் நடக்கும் பாஹா 1000 பந்தயத்தில், வண்டி துள்ளுவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பார்வையாளர்களில் சிலர் இரவோடு இரவாகத் தடத்தில் பள்ளம் தோண்டுவதும் மேடு கட்டுவதும் பழைய தொல்லை. நம் பக்கத்துச் சேற்று ஓட்டங்களில் தண்ணீர் ஊற்றுவதோ கல்லை உருட்டி வைப்பதோ யாருக்காவது விளையாட்டாகத் தோன்றலாம். தடத்தில் செய்யும் எந்த மாற்றமும், முந்தைய நாள் அதைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்ட ஓட்டுநரை ஏமாற்றுவதாகும். அப்படிச் செய்பவரைக் கண்டால் நண்பர் என்று பாராமல் உடனே மார்ஷலிடம் சொல்ல வேண்டும்.

போட்டியாளராகப் போகிறவர் தலைக்கவசம், தீத்தாங்கும் உடை, இருக்கைப் பட்டை, தீயணைப்பான் ஆகியவற்றின் தரமும் காலாவதித் தேதியும் பரிசோதனையில் பார்க்கப்படும் என்பதை அறிந்திருப்பார்; அதை விரிக்கத் தேவையில்லை. தடத்தில் நடந்துகொள்வதுதான் பழக வேண்டியது. முன்னால் புழுதி திரையாக எழுந்து வழி தெரியாமல் போனால் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு திறமை எதுவும் அங்கே உதவாது. பின்னால் வேகமான வண்டி வந்து ஒலி எழுப்பினால், பாதுகாப்பான இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுவதே முறை.

வண்டி நின்றுபோனால் முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டருக்கு முன்னதாக, வருகிறவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். ரேலி வண்டிகளில் ஒரு பக்கம் சிவப்பில் எஸ்.ஓ.எஸ். என்றும் மறுபக்கம் பச்சையில் ஓ.கே. என்றும் எழுதிய பலகை இருக்கும். அடிபடாதவர் ஓ.கே. பக்கத்தைக் காட்ட வேண்டும். சோம்பலால் அதைக் காட்டாமல் விட்டால், பின்னால் வருகிறவர்கள் வீணாக நிற்க நேரிடும். எஸ்.ஓ.எஸ். பலகையைக் கண்டவர் தம் இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நின்று உதவ வேண்டும். காயமடைந்தவருக்கு உதவியதால் இழந்த நேரத்தை, டக்கார் என்ற பெரிய பாலைவனப் பந்தயத்தில் அமைப்பாளர்கள் திருப்பித் தருகிறார்கள்.

மணலில் சிக்கிய வண்டியை இழுப்பது இன்னொரு ஆபத்தான கட்டம். வின்ச் எனப்படும் இழுவை உருளையின் கம்பியோ பட்டையோ இழுவிசையில் அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வீசும். இழுக்கும்போது அதன் நீளத்துக்கு இரட்டிப்புத் தூரம் விலகி நிற்பதும், நடுவில் ஒரு கனமான சாக்கையோ தார்ப்பாயையோ போட்டுவைப்பதும், கம்பியைத் தாண்டிக் கால் வைக்காமலிருப்பதும் கட்டாயம். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் இழுவைப் பட்டையை மாட்டவே கூடாது. அது பிய்ந்துவந்தால் குண்டாகவே பாயும்.

வெயிலைப் பொறுத்தவரை, நமக்குப் பழக்கமான வெயில்தானே என்ற எண்ணம் ஏமாற்றும். தண்ணீருடன் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் எடுத்துச் செல்லுங்கள். ஒருவர் குழம்பிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, நிழலுக்குக் கொண்டுபோய் உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசிக்கொண்டே மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நம் ஊர் ஓட்டங்களில் 108 அழைப்பவர்கள், எல்லையோரத்தில் கைப்பேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாததால், கேரளமா தமிழ்நாடா என்பதையும் தாலுகாவையும் முதலில் சொல்லிவிடுவது நல்லது.

அனுமதியில்லாத ஓட்டத்துக்குப் போகாதீர்கள். 2022 மே மாதத்தில் வாகமண் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்த ஆஃப்ரோடு ஓட்டத்தின் மீது கேரள மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பு அங்கீகரித்த போட்டியா, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்ற இரண்டையும் பெயர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடலாம்.

ராஜஸ்தானில் கேஜ்ரி என்று சொல்லப்படுவது நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரமேதான். 1730இல் அதை வெட்டவிடாமல் தடுத்து பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் கொடுத்த மண் அது. விறகுக்காகவோ வண்டி நிறுத்தவோ அதன் கிளையை ஒடிப்பதை அங்குள்ளவர்கள் பொறுக்க மாட்டார்கள். ஓரண் எனப்படும் கோயில் காடுகளுக்குள்ளும் மழைநீர்த் தொட்டிகளின் அருகிலும் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது. கானமயில் வாழும் பாலைவனத் தேசியப் பூங்காவின் எல்லையை வரைபடத்தில் குறித்துக்கொண்டு விலகிச் செல்லுங்கள். ஆட்டு மந்தை எதிரில் வந்தால் எஞ்சினை நிறுத்தி, மேய்ப்பவர் கடந்துபோகும்வரை காத்திருங்கள். ஒலி எழுப்பினால் மந்தை சிதறும். மணலுக்காகக் குறைத்த சக்கரக் காற்றைத் திரும்ப நிரப்பிய பிறகே தார்ச்சாலையில் ஏற வேண்டும், ஏனெனில் காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடாகி வெடிக்கும்.