மாடியில் கழுகு இருக்கிறது: பிரெய்ரிச் சாலைகளில் படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துப் பிரெய்ரியில், அதாவது புல்வெளிச் சமவெளியில், நகரத்தைத் தாண்டி அரைமணி நேரம் காரோட்டினால், கோதுமைக்கும் கனோலா என்ற எண்ணெய்ப் பயிருக்கும் நடுவே கூரை உள்வாங்கிய மரவீடு ஒன்றாவது கண்ணில் பட்டுவிடும். 1872-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி பத்து டாலர் கட்டணம் செலுத்தி, ஆளுக்கு 160 ஏக்கர் பெற்றுக் குடியேறியவர்கள் உருவாக்கிய பண்ணைகளின் மிச்சம் இது. 1930-களின் வறட்சி பலரைக் கிளப்பிவிட்டது. தங்கியவர்களின் நிலங்களையும் பிற்காலத்தில் பெரிய பண்ணைகள் வாங்கிச் சேர்த்துக்கொண்டன. வீட்டை இடிப்பதற்கும் காசு வேண்டுமே; அப்படியே விட்டுவிட்டார்கள். வேலிக் கம்பத்தில் பருந்து, பின்னால் பாழ்வீடு, அதற்கும் பின்னால் பாதி உலகத்தை அடைத்துக்கொண்டு வானம். கேமரா வைத்திருப்பவனுக்குக் கை சும்மா இருக்காது.

என் முதல் தவறு, அந்த வீடு காலியாக இருக்கிறது என்று நம்பியது. ஒரு ஜூன் மாதம், கதவில்லாத வாசல் வழியாக நுழைந்து பாதிப் படி ஏறியிருப்பேன். மேலே பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். அத்தோடு திரும்பியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தேன். உதிர்ந்த சாந்துக்கு நடுவே, வெறும் தரையில், சிவந்த மொட்டைத் தலையுடன் ஒரு டர்க்கி வல்ச்சர். செத்ததைத் தின்னும் கழுகு வகை. மிரண்டால் வயிற்றில் இருப்பதைக் கக்குவது அதன் தற்காப்பு. அந்த நாற்றம் என் சட்டையைவிட்டுப் போக இரண்டு சலவை ஆயிற்று.

இந்தக் கழுகு கூடு கட்டுவதில்லை. இருட்டான மூலையில் தரையிலேயே பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டு, ஏறக்குறைய நாற்பது நாள் அடைகாக்கும். பாறைக் குகைகள் அரிதான சமவெளியில், மனிதர்கள் விட்டுப்போன வீடுகள்தாம் அதற்குக் குகை. இம்மாகாணத்து நகரமான சஸ்கடூனில் வாழ்ந்து 2021-இல் மறைந்த மருத்துவரும் பறவை ஆய்வாளருமான ஸ்டூவர்ட் ஹூஸ்டன், தம் குழுவினருடன் இத்தகைய வீடுகளில் வளர்ந்த குஞ்சுகளின் இறக்கையில் அடையாள அட்டை பொருத்தி ஆராய்ந்தவர். பழைய தானியக் கொட்டகைகளில் கொம்பன் ஆந்தை பனி உருகும் முன்பே முட்டை இட்டுவிடும். உத்தரத்தில் தகைவிலான் குருவிகள் மண்கூடு ஒட்டியிருக்கும். ஆகவே மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எந்தப் பாழ்கட்டடத்திலும் குடியிருப்பவர் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல படமும் உள்ளே கிடைப்பதில்லை. காலை வெயில் ஏறும் நேரத்தில் சாலையோரம் காத்திருந்தால், கூரை முகட்டில் அந்தக் கழுகு இறக்கையை அகல விரித்துக் காயவைக்கும். வீடும் பறவையும் ஒரே படச்சட்டத்தில் அகப்படும்.

வீட்டுக்குக் கழுகு குடியிருப்பவர் என்றால், உரிமையாளர் வேறொருவர். ‘அத்துமீறக் கூடாது’ என்ற பலகை இல்லையே என்று வேலி தாண்டுகிறவர்கள் நிறைய. சஸ்காட்செவனில் 2022 ஜனவரி 1 முதல் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன் அனுமதி வேண்டும். சட்டத்தைவிட எனக்குப் புரிந்த காரணம் மண். கிளப்ரூட் என்ற நோய் கனோலாவின் வேரை முண்டுமுண்டாக வீங்கவைத்துச் செடியைக் கொல்கிறது. அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு அவை போக உங்கள் காலணிச் சேறு போதும். அனுமதி கேட்பதில் ஒரு லாபமும் உண்டு. அருகிலிருந்த பண்ணை வீட்டில் ஒருமுறை கதவைத் தட்டிக் கேட்டேன். முதியவர் சம்மதித்துவிட்டு, “வடக்குப் பக்கம் லைலாக் புதர் இருக்கிறதல்லவா, அதன் பக்கம் போகாதீர்கள். பழைய கிணறு. மேலே போட்ட பலகை நான் சிறுவனாக இருந்தபோதே மக்கிவிட்டது” என்றார். நான் முக்காலியை வைக்க நினைத்திருந்த இடம் அதுதான். பாழ்வீட்டுக்குள் போகவும் அவர் அனுமதித்தார். ஆனால் மூடிக் கிடந்த அறைகளில் மான் எலிகளின் புழுக்கைத் தூசி, நுரையீரலைத் தாக்கும் ஹான்டா வைரஸைக் கொண்டிருக்கக்கூடும் என்பதால் சன்னலோடு நிறுத்திக்கொண்டேன்.

பறவை விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, காரைவிட்டு இறங்குவது. கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் பருந்துக்குக் கார் என்பது நாள்தோறும் கடந்துபோகும் மாடு மாதிரி. கதவு திறந்து இரண்டு கால் தரையில் பட்டதும்தான் அது மனிதன் என்று தெரிகிறது. உள்ளேயே இருங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள், அதன் அதிர்வு நீண்ட லென்ஸில் அப்படியே தெரியும். ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டிச் சன்னல் விளிம்பில் போட்டு அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் எந்த முக்காலியும் வேண்டாம். பறவையைப் பார்த்ததும் சட்டென்று பிரேக் போடுவதும் தப்பு. வேகத்தைக் குறைத்தபடி கொஞ்சம் தாண்டிப் போய் நிறுத்தினால் பாதி நேரம் அது அசைவதில்லை. மேட்டின் உச்சியில் மட்டும் நிறுத்தாதீர்கள். மறுபக்கத்திலிருந்து சாலையின் முழு அகலத்துக்கும் ஓர் அறுவடை இயந்திரம் ஏறி வந்துகொண்டிருக்கலாம்.

குளிர்காலத்தில் பனி ஆந்தையைத் தேடிப் போகிறவர்கள் படம் மங்கலாக வந்ததும் லென்ஸைத் திட்டுவார்கள். குற்றவாளி கார் ஹீட்டர். வெளியே மைனஸ் இருபத்தைந்து, உள்ளே இதமான சூடு. சன்னலை இறக்கியதும் அந்தச் சூடு அலையலையாக லென்ஸுக்கு முன்னால்தான் வெளியேறுகிறது. ஹீட்டரை முன்கூட்டியே அணைத்து, சன்னலைத் திறந்து, சில நிமிடம் நடுங்கிக்கொண்டிருங்கள். வெண்பனியைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் வெளிச்ச அளவை ஒன்று, ஒன்றரை படி (ஸ்டாப்) கூட்ட வேண்டும். எலியை வீசி ஆந்தையை அழைப்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கோடையில் படத்தை மங்கவைக்கும் இதே கோளாறை வெயில் செய்கிறது. ஜூனில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்து, ஒன்பது மணிக்குப் பின்தான் இருட்டும். அவ்வளவு நேரம் இருக்கும்போது கானல் நெளியும் நடுப்பகலில் டெலிபோட்டோவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

கட்டடங்களில் ஒரு நுட்பமான பிழை உண்டு. அகல லென்ஸை அண்ணாந்து பிடித்தால் எலிவேட்டர் என்று இங்கே சொல்லப்படும் உயரமான தானியக் களஞ்சியம் பின்னால் சாய்ந்துவிடும். நகரத்துக் கட்டடமென்றால் கணினியில் நிமிர்த்திவிடலாம். இங்கேயோ பாதிக் கட்டடங்கள் உண்மையிலேயே சாய்ந்தவை. வீடு சாய்ந்திருக்கிறதா, படம் சாய்ந்திருக்கிறதா என்று வீட்டுக்கு வந்தபின் எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. தள்ளி நின்று, கேமராவை மட்டமாகப் பிடித்து, அடிவானத்தைப் படச்சட்டத்துக்குள் விடுங்கள். அடிவானம் நேராக இருந்தால் வீட்டின் சாய்வு வீட்டுக்கே உரியது.

மழை பெய்தால் மண்சாலைக்குள் போகாதீர்கள். மாகாணத் தலைநகர் ரெஜைனா பக்கத்துக் களிமண்ணை ‘கம்போ’ என்பார்கள். நனைந்தால் சோப்பு, காய்ந்தால் சிமென்ட். கைப்பேசிச் சிக்னலும் அங்கே இருக்காது. வறண்ட காலத்தில் உயர்ந்த புல்மேல் காரை நிறுத்தாதீர்கள். அடியிலிருக்கும் புகைக்குழாயின் சூடு தீ மூட்டிவிடும்.

பறவை குடியிருக்கும் வீட்டின் சரியான இடத்தை இணையத்தில் போடுவதும் வேண்டாம். படத்துக்குள் கேமரா பதித்துவைக்கும் இடக்குறிப்பையும் நீக்குங்கள். நான் ஒருமுறை மறந்தேன். அடுத்த வாரமே அந்தச் சாலையில் நான்கு கார்கள் நின்றிருந்தன. கூரை முகட்டில் கழுகைக் காணவில்லை.